எப்படிக் கௌரவித்தார்கள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் அப்பாவும் சௌகரியம். குளிர் போகும்வரை அப்பாவின் இருமல் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். நீயும் உன் பெண் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கண்ணாடியை மாற்றினாயா?

போனிலேயே பேசியிருப்பேன். ஆனால் போன் கூடத்தில் இருக்கிறது, அதன் பக்கத்து நாற்காலியில் அப்பா இருக்கிறார். அதனால்தான் கடிதம்.

எங்கள் நீரேற்று நிலையத்துக்கு மார்ச்சில் ஐம்பது வயது நிறைகிறது. விழாவும் உண்டு, மலரும் உண்டு. அப்பாவைக் கௌரவிக்கப் போகிறார்கள். குளோரின் அறையில் வாயு கசிந்த அன்று உள்ளே போய் வால்வை மூடினாரே, அதற்கு. இருபத்திரண்டு வருஷம் கழித்து இவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

மலரைத் தொகுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இதில் ஒரு கூத்து. மலர் விழா அன்றே எல்லார் கையிலும் இருக்க வேண்டுமாம். அதன் கடைசிப் பக்கத்தில் விழாச் செய்தியும் இருக்க வேண்டுமாம். அதாவது இன்னும் நடக்காத விழாவை நடந்து முடிந்ததாக நான் இப்போதே எழுத வேண்டும். எழுதிவிட்டேன். ஒரே ஒரு சொல்தான் இடிக்கிறது. "தலைமைப் பொறியாளர் அவருக்குக் கேடயமும் பாராட்டுப் பத்திரமும் வழங்கி, ............ கௌரவித்தார்." அந்தப் புள்ளிகளில் என்ன போடுவது? 'சிறப்பாக' என்று போட்டேன். "கேன்டீன் திறந்தப்பவும் இதையேதான்யா போட்டே" என்று தலைமைப் பொறியாளர் அடித்துவிட்டார். நீ அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். தினமும் ஆயிரம் சொற்கள் உன் கண்ணில் படுகின்றன. அவற்றில் பத்தை எனக்கு அனுப்பு.

இன்னொன்று. அப்பா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அன்று அப்பாவோடு உள்ளே போய்த் திரும்பாத ஃபிட்டர் மாமாவைப் பற்றி விசாரணை அறிக்கையில் எழுதிய அந்தச் சொல் மலரில் வரக் கூடாதாம். "அத எடுத்துடு. அப்புறம் கேடயம் குடுத்தாலும் வாங்கிக்கறேன், தகரம் குடுத்தாலும் வாங்கிக்கறேன்" என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம். கண்ணாடி மாற்றிவிட்டேன். இப்போது எல்லாப் பிழையும் பெரிதாகத் தெரிகிறது, என் முகம் உட்பட.

நீ கேட்ட சொற்களை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கடுதாசியில் எழுதிப் பார்த்தேன். 'கோலாகலமாக', 'வெகு விமரிசையாக' இரண்டும் கல்யாண வீட்டுக்கு. அங்கே பந்தி உண்டு, அப்பாவுக்குப் பந்தி போடுவார்களா? 'முறைப்படி' என்றால் வக்கீல் நோட்டீஸ் கொடுத்த மாதிரி இருக்கிறது. 'மனதார' நல்ல சொல்தான். யார் மனது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய்? 'தக்கவாறு' என்பதை எங்கள் முதலாளி சம்பள உயர்வு பற்றிப் பேசும்போது பயன்படுத்துவார். 'உரிய முறையில்' பரவாயில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் தாமதித்தது உரிய முறையா என்று அப்பாவிடமே கேட்டுக்கொள்.

உண்மையைச் சொன்னால், நடந்த பிறகுதானே எப்படி நடந்தது என்று எழுத முடியும்? கேடயத்தை நீட்டுகிறவர் அப்பாவின் கண்ணைப் பார்க்கிறாரா, புகைப்படக்காரரைப் பார்க்கிறாரா என்பதைப் பொறுத்தது அது.

அப்பாவின் நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'பொருத்துநர் வால்வைக் கவனக்குறைவாகத் திறந்ததால்.' அந்த ஒரு சொல்லைக் காட்டித்தானே ஃபிட்டர் மாமா வீட்டு அத்தைக்கு வேலை கொடுக்க மாட்டோம் என்றார்கள்? நாற்பது வயசில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. எடுத்தாயிற்றா என்று அடுத்த கடிதத்தில் எழுது. புரூஃப் வந்ததும் எனக்கு அனுப்பு, நானே பார்த்துத் தருகிறேன்.

அப்பாவை வெந்நீர் குடிக்கச் சொல்.

அக்கா

*

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். அப்பா இப்போது காலையில் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகுகிறார். மேடைக்கு ஆறு படி என்று யாரோ சொன்னார்களாம். நான்காவது படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறுகிறார்.

உன் பட்டியலைத் தலைமைப் பொறியாளரிடம் காட்டினேன். உன் கிண்டலையெல்லாம் நீக்கிவிட்டுத்தான். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து 'நெகிழ்ச்சியுடன்' என்பதை அவரே சொன்னார்.

"நான் நெகிழ்ந்த மாதிரி இருக்கணும்யா. அன்னிக்கு டூட்டில இருந்த இன்ஜினியர் நான்தான்னு எல்லாருக்கும் தெரியும்ல."

"தெரியும் சார்."

"அதான். நெகிழ்ச்சியுடன்னு போடு."

மலரின் முழுப் புரூஃபும் தனிப் பார்சலில் வருகிறது. நாலு நாளில் திருப்பி அனுப்பிவிடு. அச்சுக்காரர் பறக்கிறார்.

மறந்தே போனேன். நம் குட்டி எங்கள் நிலையத்து ஆய்வக உதவியாளர் வேலைக்குப் போட்ட விண்ணப்பம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. இப்போது தலைமைப் பொறியாளர் மேசையில் இருக்கிறது, நானே பார்த்தேன். என் கண்காணிப்பாளர் பதவிக்கான கோப்பும் அங்கேதான். "உங்க வீட்டு ஆளுங்க நல்லாப் படிச்சவங்கய்யா" என்று அவராகவே சொன்னார்.

தலைக்கு ஊற்றிக்கொண்டால் நன்றாகத் துவட்டு. போன வருஷம் போல் தலைவலி வரப் போகிறது.

தம்பி

*

பிப்ரவரி 13

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமே என நம்புகிறேன்.

புரூஃபைப் பார்த்து இன்று பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். மொத்தம் முப்பத்தொரு பிழை. பெரும்பாலும் ஒற்றுதான். உங்கள் ஊர் அச்சுக்காரருக்கு வல்லினத்தோடு ஏதோ பகை போலிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 'நெகிழ்ச்சியுடன்' என்பதை 'மனம் நெகிழ' என்று மாற்றியிருக்கிறேன். கொஞ்சம் உயிர் இருக்கும்.

குட்டி தினமும் வாசலில் நின்று தபால்காரரைப் பார்க்கிறாள். அவர் தெரு முனையில் வரும்போதே இல்லை என்று தலையாட்டிவிடுகிறார்.

அப்பாவுக்கு விழாவுக்கு ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். கழுத்துப் பட்டன் இறுக்கமாக இருந்தால் போட வேண்டாம் என்று சொல்.

அக்கா

*

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ அனுப்பிய சட்டை பொருத்தமாக இருக்கிறது. கழுத்துப் பட்டனும் போட்டுக்கொள்ள முடிகிறது.

வரும் பதினான்காம் தேதி விழா. நீ வர முடியாது, லீவு இல்லை என்று தம்பி சொன்னான். பரவாயில்லை அம்மாடி. போட்டோ எடுப்பார்கள்.

ஃபிட்டர் வீட்டுக்கு நேரில் போய் அழைத்துவிட்டு வந்தேன். அவருடைய சம்சாரம் முதலில் வரவில்லை என்றுதான் சொன்னது. "அந்தச் சொல்ல எடுத்துட்டாங்கம்மா. அச்சுல ஒம் புருசன் பேரு சுத்தமா வருது. அத நீ பாக்கணும்"னு சொன்னேன். அதன் பிறகு சரி என்றது. தம்பியிடம் நேற்றும் கேட்டேன். "எல்லாம் முடிஞ்சுதுப்பா, மலர் பைண்டிங்கும் ஆயிடுச்சு" என்றான்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த சிலிண்டரில் வாஷர் தேய்ந்திருக்கிறது, திறக்கக் கூடாது என்று ஃபிட்டர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். திற என்று சொன்னது இப்போது தலைமைப் பொறியாளராக இருக்கிற அந்த இன்ஜினியர்தான். வாயு வந்ததும் அவர் கேட்டுக்கு வெளியே போய்விட்டார். ஃபிட்டரும் நானும் உள்ளே போனோம். நான் வெளியே வந்தேன். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார்கள். மூக்கில் குழாய். படிக்கக் கண் தெரியவில்லை. போட்டேன். அந்தத் தாளில்தான் அந்தச் சொல் இருந்திருக்கிறது. ஆகவே அதை எழுதினவர்களோடு நானும் ஒரு ஆள். எடுத்தால்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும் போலிருக்கிறது.

குட்டிக்கு வேலை கிடைக்கட்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

*

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். விழா நல்லபடியாக முடிந்தது.

அப்பாவை வாசலிலேயே அன்பாக வரவேற்றார்கள். முன்வரிசையில் மரியாதையாக உட்கார வைத்தார்கள். பெயரைத் தெளிவாக அழைத்தார்கள். அப்பா ஆறு படியையும் நிதானமாக ஏறினார். தலைமைப் பொறியாளர் கேடயத்தைப் பணிவாகக் கொடுத்தார். கூட்டம் பலமாகக் கை தட்டியது. மைக்கில் அப்பா இரண்டு வார்த்தை பேசினார். "ஃபிட்டரும் என்னோட இருந்தாரு" என்று சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள். நாம் எழுதியது எழுதியபடியே நடந்தது.

அப்பா அதன் பிறகு கொஞ்சம் பேச்சைக் குறைத்துவிட்டார். அலைச்சல்தான் காரணம். போட்டோ வந்ததும் அனுப்புகிறேன். மலர் பிரதி தீர்ந்துவிட்டது, உனக்குப் பிறகு அனுப்புகிறேன்.

தம்பி

*

மார்ச் 29

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

விழா அன்று எனக்குக் கொடுத்த மலரை நான் பிரிக்கவில்லை. வீட்டில் நிதானமாகப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். மறுநாள் காலை பதினேழாம் பக்கத்தைப் பார்த்தேன். அந்தச் சொல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உடனே ஃபிட்டர் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் எப்போதும் "உக்காருங்கண்ணே" என்று நாற்காலியைத் துடைத்துப் போடும். அன்று கதவைப் பிடித்துக்கொண்டே நின்றது. உள்ளே தையல் மெஷின் மேல் மலர் இருந்தது.

"பாத்தியாம்மா?" என்றேன்.

"அங்கேயே பாத்துட்டேண்ணே. நீங்க மேடையில நின்னுக்கிட்டு இருந்தீங்க. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்."

"எனக்குத் தெரியாதும்மா. எடுத்துட்டேன்னு அவன் சொன்னான்."

"இருக்கும்ணே. ஒங்களுக்கு மூச்சு வாங்குது. வெயில் ஏறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க."

அவ்வளவுதான். திட்டவும் இல்லை, அழவும் இல்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தியது.

தம்பியிடம் கேட்டேன். செருப்பைத் தேட ஆரம்பித்தான். செருப்பு அவன் காலில்தான் இருந்தது. நான் உன்னிடம் வந்து கொஞ்ச நாள் இருக்கிறேன். உனக்குச் சிரமம் இல்லையென்றால் ஒரு வரி எழுது.

அப்பா

*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

அப்பா வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. கேடயத்தைக் கொண்டுவரவில்லை. இரண்டு வேட்டி, மருந்து டப்பா, அந்த மலர், அவ்வளவுதான் பையில்.

உனக்கு எப்படிடா மனசு வந்தது? அவர் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு சொல். சேர்க்கச் சொல்லவில்லை, எடுக்கத்தான் சொன்னார். அந்த மனுஷி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்? அன்பாக, பணிவாக, தெளிவாக என்று எனக்கு ஒரு பக்கம் எழுதினாயே, அதையெல்லாம் எழுதின கை அந்த ஒரு சொல்லை அடிக்க வலித்ததா?

இந்த வயதில் அப்பாவை இப்படி ஊர் விட்டு ஊர் வரவைத்துவிட்டாய். இங்கே அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டே இருக்கிறார். மேலதிகாரிகளுக்கு மனுவாம்.

அக்கா

*

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நீ கேட்டதெல்லாம் நியாயம். நான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுத்தான் முதலில் அச்சுக்குக் கொடுத்தேன். தலைமைப் பொறியாளர் படித்துப் பார்த்துவிட்டு, "அப்ப யாரோட கவனக்குறைவுன்னு ஒருத்தன் கேப்பான்ல?" என்று மட்டும் கேட்டார். என் கோப்பு அவர் கைக்குக் கீழே இருந்தது. திரும்பப் போட்டேன். இதை மறைத்தது என் தப்பு. புரூஃபில் போட்டு அனுப்பினால் நீ பார்த்துவிட்டுச் சண்டை போடுவாய், அதைச் சாக்காக வைத்து அவரிடம் மறுபடி பேசலாம் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

ஆனால் அக்கா, புரூஃப் என்னிடம் இருக்கிறது. பதினேழாம் பக்கம், பதினோராம் வரி. அச்சுக்காரர் 'கவனக்குறைவாக திறந்ததால்' என்று அடித்திருந்தார். நடுவில் உன் பென்சிலால் ஒரு 'த்' போட்டிருக்கிறாய். ஓரத்தில் வழக்கம் போல் ஒரு கோடு. சண்டைக்கான கடிதத்துக்குக் காத்திருந்தேன். 'மனம் நெகிழ' வந்தது.

அப்பாவிடமிருந்து நேற்று ஒரு கார்டு வந்திருக்கிறது. "புரூஃபில் நீ அதை எடுத்திருப்பாய். மேலே இருப்பவர்கள் பிறகு சேர்த்திருப்பார்கள். அந்தத் தாள்களை அனுப்பு. மனுவோடு வைக்கலாம், என் மனசும் ஆறும்" என்று எழுதியிருக்கிறார். திட்டி எழுதியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அனுப்பவா, வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

எனக்குக் கண்காணிப்பாளர் உத்தரவு வந்துவிட்டது. குட்டிக்கும் வந்துவிட்டது. தனித் தபாலில் வரும். ஜூன் முதல் தேதி சேர வேண்டும்.

தம்பி

*

மே 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. அப்பாவின் இரண்டாவது கார்டு வந்தது. புரூஃபை அவர் பெயருக்குப் பதிவுத் தபாலில் இன்று போட்டுவிட்டேன்.

குட்டியை வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்தில் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

தம்பி

*

ஜூன் 8

தம்பிக்கு,

குட்டி சேர்ந்த விவரம் அவள் எழுதியதில் தெரிந்துகொண்டேன். அவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, பார்த்துக்கொள்.

உன் மே மாதக் கடிதத்துக்கு மூன்று வாரம் தினமும் பதில் எழுதினேன். அனுப்பாதே என்றும் எழுதினேன், அனுப்பு என்றும் எழுதினேன். எதையும் தபாலில் போடவில்லை. பழக்கதோஷத்தில் ஒற்றை மட்டும் திருத்திவிட்டேன், வரியைக் கவனிக்கவில்லை என்று ஒரு நாள் எழுதியிருந்தேன். அதை நீ நம்பியிருப்பாய். அப்பாவும் நம்பியிருப்பார். ஆனால் அந்த வரியில் பென்சிலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும். எதிர் வீட்டில் ஒரு பக்கெட் நிறையத் துணி அலசி முடித்துவிட்டார்கள். குட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

பார்சல் நான் வேலைக்குப் போயிருந்தபோது வந்தது. அப்பாவே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது தாள்கள் மேசையில் வரிசையாக இருந்தன. அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இந்த 'த்' நீ போட்டதாம்மா?"

"ஆமாப்பா."

"இது இல்லாட்டி தப்பா?"

"தப்புதான்ப்பா."

"அப்ப சரி."

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மனுவை நாலாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். இருந்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார். தட்டைத் தானே கழுவினார்.

எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். உன்னிடம் வர முடியாது. ஃபிட்டர் வீட்டுக் கதவும் சாத்தியாகிவிட்டது. ஆகவே இங்கேதான் இருக்கிறார். மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "எத்தனை மணிக்கு வருவீங்க?" என்றார். காதில் தவறாக விழுந்தது என்று நினைத்தேன். இல்லை. அன்றிலிருந்து அப்படித்தான். "கதவத் தாழ் போட்டுக்கறேன், நீங்க போயிட்டு வாங்க." "ஒங்களுக்குத் தண்ணி எடுத்து வைக்கவா?" நான் அறைக்குள் வந்தால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். உட்காருங்கள் அப்பா என்று நான் சொன்ன பிறகுதான் உட்காருகிறார். நேற்று கையைப் பிடித்துக்கொண்டு, இப்படிப் பேசாதீங்கப்பா, வாடி போடி என்று திட்டுங்கள் என்று அழுதேன். கையை விடுவித்துக்கொள்ளாமல், "அதெல்லாம் எதுக்குங்க" என்றார்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று நீ கேட்பாய். இருமல் குறைந்திருக்கிறது. சாப்பிடுகிறார், தூங்குகிறார். என்னை மிகவும் மரியாதையாக நடத்துகிறார்.

அக்கா